நூற்றறுபது அனுப்புநர்

என் காதுக்குள் ஒருவன் குடியிருக்கிறான். கம்ப்யூட்டர் திரையில் என்னென்ன இருக்கிறதோ அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் அவன். ஸ்க்ரீன் ரீடர் என்பார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத எனக்கு மவுஸ் ஒன்றுக்கும் உதவாத பொருள். அதைத் தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் டிபன் பாக்ஸ் வைத்துக்கொள்வேன். விசைப்பலகை போதும். அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த கோப்பின் பெயரைச் சொல்வான். ஓர் எழுத்தை அழுத்தினால் அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தாவுவான். என்டர் தட்டினால் உள்ளே போவான், பேக்ஸ்பேஸ் தட்டினால் வெளியே வருவான். அவன் பேசும் வேகத்தை நான் ஏற்றி ஏற்றி வைத்திருப்பதில், பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏதோ வண்டு பறக்கிற சத்தம்தான் கேட்கும். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். இதில் எனக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் வீடு, விழுப்புரத்தில் வேலை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். கிராமத்து ஆட்களிடம் மனு வாங்கி, மேலே அனுப்பி, பதில் எழுதுகிற ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதி, இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் நாளே மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை. "சும்மா உக்காருங்கம்மா. பாவம், அவ்ளோ தூரம் ரயில்ல வர்றீங்க" என்றார் கண்காணிப்பாளர். நல்ல மனுஷன்தான். அவர் என்னிடம் பேசும்போது மட்டும் குரல் ஒரு படி இறங்கி, காய்ச்சல்காரரிடம் பேசுகிற மாதிரி ஆகிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நல்ல மனுஷனிடம் எப்படி எரிந்து விழுவது?

கண்காணிப்பாளருடையதை விட்டால் எங்கள் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அது அக்காவின் கம்ப்யூட்டர். அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. கடிதங்களைத் தட்டச்சு செய்வதற்காக ஒப்பந்தத்தில் இருந்தவர். பனமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்றாலும், நான் நிரந்தர ஊழியர் என்பதால் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பதினொரு வருஷமாக அதே மேசை. வருஷத்துக்கு ஒரு தரம் கண்காணிப்பாளர் "பணி திருப்தி" என்று ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினால் அடுத்த வருஷம் வேலை உண்டு. எழுதாவிட்டால் இல்லை. வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீடே அக்காவின் வேலையை நம்பித்தான் இருந்தது. அந்தக் குறிப்பு போகிற மாதம் வந்துவிட்டால் அக்கா சத்தமாகக்கூட இரும மாட்டார்.

அந்த அலுவலகத்தில் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டாத ஒரே ஆள் அக்காதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்துகொண்டு, "வாங்க மேடம், ஒரு மணி நேரம் உங்க ராஜ்ஜியம்" என்று நாற்காலியைத் தட்டுவார். நான் இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொண்டு உட்காருவேன். இன்னொரு காது ஊர்க் கதைக்கு.

முதல் நாள் டெஸ்க்டாப்புக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்ததும் வருகிற முதல் திரை அது. அம்புக்குறியை அழுத்தினேன். "எம் டி யென் ஓ ஈ ரெஜிஸ்டர்டு" என்றான் என் ஆள். அடுத்த கோப்பு, "எம் டி யென் ஓ ஈ ரெஜிஸ்டர்டு ஏ." அடுத்தது, அதே பெயரோடு இரண்டு ஏ. அதற்கடுத்தது ஒரு கே. இப்படியே நூற்றறுபது. இவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று நினைத்தேன். அக்காவைக் கேட்டால், "அதான் மேடம், லெட்டருங்க" என்றார்.

விஷயம் இதுதான். அக்கா தட்டச்சு செய்வது பழைய தமிழ் எழுத்துருவில். திரையில் பார்க்கிறவருக்கு அது தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எங்கள் அலுவலகக் கடிதம் எல்லாமே "அனுப்புநர்" என்ற சொல்லில்தான் தொடங்கும். புதுக் கடிதத்தைச் சேமிக்கப் போனால், முதல் வரியையே கோப்புக்குப் பெயராக வைத்துக்கொள்ளட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். அக்கா சரி என்பார். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று மறுபடி கேட்டால், விரலுக்கு எந்த எழுத்து வாகாக இருக்கிறதோ அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்டர். ஆக, அனுப்புநர், அனுப்புநர், அனுப்புநர். பெறுநர் ஒருத்தரையும் காணோம்.

அதைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? மூன்று மாதம், மதியம் மதியம், அக்காவை ஒவ்வோர் எழுத்தாக அடிக்கச் சொன்னேன். அவர் அ என்று அடித்தால் என் ஆள் எம் என்பான். நான் அதைப் பிரெயிலில் குறித்துக்கொள்வேன். ப் என்றால் யென், ஜப்பான்காரர்களின் காசு. ர் என்றால் ரெஜிஸ்டர்டு, வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறி. ண் என்றால் காபிரைட். எங்கள் திண்டிவனத்தின் நடுவயிற்றில் ஒரு காபிரைட் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று, ரயிலில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன். அக்காவும் சலிக்காமல் அடித்துக் காட்டினார். "இந்த வவ்வாலு பாஷைய எப்டி மேடம் மனப்பாடம் பண்றீங்க?" என்று வியந்துபோவார். கடைசியில் எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் என்னால் கேட்டே புரிந்துகொள்ள முடிந்தது. கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் புரிந்தது.

புரியப் புரிய, அந்த டெஸ்க்டாப்பின் மேல் எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது. நூற்றறுபது கடிதமும் ஒரே இடத்தில், ஒரே பெயரில். ஃபோல்டர் கிடையாது, வரிசை கிடையாது, ஊர் கிடையாது, தேதி கிடையாது. கண் இருந்தும் இப்படி ஒரு குப்பையா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். யாராவது கடிதம் கேட்டால் அக்கா எப்படி நொடியில் எடுக்கிறார் என்று மட்டும் நான் ஒரு தரம்கூட யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா லீவு போட்டார். "மல்லாட்ட புடுங்கணும் மேடம். ஆளு கெடைக்கல. திங்கக்கெழம ஜல்தியா வந்துடுறேன்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டுப் போனார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. நான்கு நாள் கம்ப்யூட்டர் என்னுடையது. அக்காவுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கலாம் என்று கிளம்பினேன். பொய் சொல்வானேன், அக்காவுக்கு மட்டுமா? கண்காணிப்பாளருக்கும் காட்ட வேண்டும் என்று இருந்தது.

ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, யென்னும் ரெஜிஸ்டர்டுமாகக் கேட்டு, என்ன விஷயம் என்று பிடித்து, மூடி, எஃப் டூ அழுத்திப் பெயர் மாற்றினேன். பிறகு வெட்டி எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு டிரைவில் ஃபோல்டருக்குள் ஒட்டினேன். ஃபோல்டருக்கு உள்ளே ஃபோல்டர். எல்லாவற்றுக்கும் என் காதுக்கும் விரலுக்கும் தோதான சுருக்கப் பெயர்கள். முகையூர் பக்கத்துத் தண்ணீர்ப் பிரச்சினை என்றால் எம் டபிள்யூ, பிறகு ஓர் எண். வீட்டுமனை என்றால் எச். ஆங்கில எழுத்து ஒன்றைத் தட்டினால் போதும், நான் அங்கே நிற்பேன். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு டெஸ்க்டாப்புக்குப் போய் அம்புக்குறியை அழுத்தினேன். ஒரு கோப்புகூட இல்லை. வீட்டைக் கழுவிவிட்டு ஈரத்தரையில் நிற்பவளைப் போல அவ்வளவு சந்தோஷம். கண்காணிப்பாளர் பின்னால் நின்று, "விரலு என்னமா ஓடுதும்மா" என்றார். என்ன செய்தேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் அக்காவை உட்கார வைத்துக் காட்டிவிட்டு எல்லோருக்கும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை பார்த்து என் ரயிலை விழுப்புரத்துக்கு வெளியே சிக்னலில் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். நான் அலுவலகம் சேர்ந்தபோது மணி பதினொன்று. உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வழக்கமாக மழை மாதிரி கொட்டும் அக்காவின் தட்டச்சுச் சத்தம் இல்லை. கண்காணிப்பாளர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"மேலேர்ந்து ஆய்வுக்கு வந்துட்டாரும்மா காலங்காத்தால. ஏரி மதகு ரிப்பேருக்குப் போன மாசம் ஒரு பதில் அனுப்புனமே, அதக் கேட்டாரு. இருபது நிமிஷம் அவரு நிக்குறாரு. இந்தம்மா ஸ்க்ரீனயே பாத்துக்கினு நிக்குது. ஒரு லெட்டர எடுக்கத் தெரியல. எம்மானத்த வாங்கிட்டுது. இந்த வருஷக் குறிப்புல 'திருப்தி இல்லை'ன்னு எழுதிட்டேன். நாளைக்கு மேல போவுது."

சொல்லிவிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "வெள்ளிக்கெழம பாத்தேனே, பார்வ இல்லாத நீங்க எவ்ளோ நீட்டா அடிக்கிறீங்க! ரெண்டு கண்ணையும் வெச்சிக்கினு இவங்களுக்கு இன்னா கேடு? இனிமே கம்ப்யூட்டர் வேலைய நீங்களே பாருங்கம்மா" என்றார்.

வேலை. ஒன்றரை வருஷமாக நான் வாய்விட்டும் விடாமலும் கேட்டுக்கொண்டிருந்த வேலை. நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு என் நாற்காலிக்குப் போனேன். அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மதியம் அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. என் கையில் ஒரு பை வந்து விழுந்தது. இளஞ்சூடாக, ஈரமாக இருந்தது. வேகவைத்த மல்லாட்டை. "உங்களுக்குன்னு வெடியக்காலம் எழுந்து வேக வெச்சேன் மேடம். துன்னுங்க" என்றார். குரல் அழுது முடித்த குரல்.

"வைரஸ் துன்னுட்டுது மேடம். நாலு நாளு நான் இல்ல, எல்லாத்தையும் துன்னுட்டுது. ஏரி காலியாக் கெடக்குது."

"எந்த ஏரிக்கா?"

"எங்கூரு ஏரிதான். ஸ்க்ரீன்ல வெச்சிருக்கேனே, போட்டோ."

அப்போதுதான் அக்கா சொல்லச் சொல்லக் கேட்டேன். டெஸ்க்டாப்பின் பின்னால் ஒரு படம் இருக்கிறதாம். மழைக்குப் பிறகு கரைமேல் நின்று அக்காவே போனில் எடுத்த படம். கீழே ஏரி, இடது பக்கம் வயல், வலது பக்கம் வீடுகள், நடுவில் மலை, மலை உச்சியில் கோயில், மேலே வானம். தண்ணீர் சம்பந்தப்பட்ட கடிதமெல்லாம் ஏரி மேல். நிலத் தகராறு வயல் மேல். வீட்டுமனை, வீடுகளின் மேல். மேலதிகாரிகளுக்குப் போனது கோயில் பக்கம். புதுசு என்றால் கரையோரம், பழசு என்றால் உள்ளே தள்ளி. முடிந்துபோன விவகாரமெல்லாம் ஆகாயத்தில். மதகுக் கடிதம் ஏரியில் வலது மூலையில், மதகு இருக்கிற இடத்திலேயே இருந்ததாம்.

"பேரு எதுக்கு மேடம்? அது இன்னா கிறுக்கியிருக்குதோ, அத நான் பாத்ததே கெடையாது. எடத்தப் பாப்பேன், எடுப்பேன். பதினோரு வருஷத்துல ஒண்ணு தொலஞ்சது இல்ல."

என் காதில் குடியிருப்பவன் கோப்பின் பெயரைச் சொல்வான். எத்தனையில் எத்தனாவது என்று சொல்வான். பின்னால் இருக்கிற படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கே ஓர் ஊரே இருந்திருக்கிறது. நான் குப்பை என்று நினைத்து அதை வழித்து எடுத்துவிட்டேன்.

"அக்கா, வைரஸ் இல்ல. நான்தான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோல்டர், எம் டபிள்யூ, இன்ப அதிர்ச்சி, காலையில் கண்காணிப்பாளரிடம் வாயை மூடிக்கொண்டது வரைக்கும் சொன்னேன். அக்கா பேசினபோது மேடம் காணாமல் போயிருந்தது.

"மூணு மாசம் சோத்த ஆற வெச்சிட்டு எழுத்து எழுத்தா அடிச்சிக் காட்டனனே, அது இதுக்குத்தானா? ஒரு போன் போட்டு, யக்கா, இத நவுத்தட்டுமான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நீ இல்லாத நேரத்துல உன் வூட்ல பூந்து, உப்பு எடத்துல சோடா மாவ வெச்சி, மொளகா எடத்துல மஞ்சள வெச்சிட்டு, சுத்தம் பண்ணிட்டேன்னு ஒருத்தி சொன்னா, நீ சும்மா வுடுவியா?"

சும்மா விட மாட்டேன். எனக்குத் தெரியாமல் ஒரு ஸ்பூனை இடம் மாற்றினாலே வீட்டையே இரண்டாக்கிவிடுகிற ஆள் நான். அதை அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு என் மேலேயே அவ்வளவு ஆத்திரம்.

மதகுக் கடிதத்தை உடனே எடுத்துக் கொடுத்தேன். நான்கு விசை, அவ்வளவுதான். ஆய்வுக்கு வந்தவர் போய்ச் சேர்ந்த பிறகு அதை வைத்து என்ன செய்வது? சரி, எல்லாவற்றையும் பழையபடி டெஸ்க்டாப்பில் கொட்டிவிடலாம் என்று வெட்டி ஒட்டினேன். கோப்புகள் வந்தன. ஆனால் இடது மூலையிலிருந்து ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசை கட்டி நின்றன. எது எங்கே இருந்தது என்ற நினைவு கம்ப்யூட்டருக்கு இல்லை. அக்கா பார்த்துவிட்டு, "இது ஏரி இல்ல, ரேஷன் கட க்யூ" என்றார். கோபம் போகவில்லை என்றாலும் சிரிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அப்புறம், "வேல போயிடுமா மேடம்?" என்று கேட்டார்.

மறுநாள் முதல் வேலையாகக் கண்காணிப்பாளரிடம் போனேன். குறிப்பு இன்னும் அவர் மேசையில்தான் இருந்தது. "சார், அந்த நூத்தறுபது கோப்பையும் நான்தான் எடம் மாத்துனேன். அக்கா மேல தப்பு இல்ல" என்றேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து, என்னை உட்காரச் சொன்னார். குரல் மறுபடி காய்ச்சல்காரர் குரல் ஆகிவிட்டது.

"உங்க மனசு எனக்குத் தெரியும்மா. அந்தம்மா அழுதுச்சா? காப்பாத்தணும்னு சொல்றீங்க. நூத்தறுபது ஃபைல நீங்க எப்டிம்மா மாத்துவீங்க? பாவம், உங்களால ஆவுற காரியமா அது?"

மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தார். ஃபோல்டர் பெயர்களைச் சொன்னேன். யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றார். வெள்ளிக்கிழமை பின்னால் நின்று விரலைப் பார்த்தீர்களே என்றேன். ஏதோ அடிச்சிக்கினு இருந்தீங்க என்றார். நான் நல்லது செய்தால் ஆச்சரியப்பட்டுப் பாராட்ட அவர் தயார். கெட்டது செய்தேன் என்றால் நம்ப மாட்டார். குற்றம் செய்யக்கூட எனக்குத் தகுதி இல்லையாம். ஒன்றரை வருஷமாக விழுங்கி வைத்திருந்த கோபமெல்லாம் மொத்தமாக மேலே ஏறியது.

"சார், நான் பாவம் இல்ல. நான் பண்ணதுதான் பாவம். உங்க கம்ப்யூட்டர ஒரு நிமிஷம் குடுங்க."

கைப்பையில் எப்போதும் ஒரு பென்டிரைவ் வைத்திருப்பேன். என் ஆள் அதற்குள்ளும் இருக்கிறான். அதை அவருடைய கம்ப்யூட்டரில் சொருகினேன். இயர்போன் போடவில்லை, ஸ்பீக்கரிலேயே பேசட்டும் என்று விட்டுவிட்டேன். வண்டுச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. டெஸ்க்டாப்புக்குப் போய், எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்து, வெட்டி, இன்னொரு டிரைவுக்குள் போய், புது ஃபோல்டர் திறந்து, ஒட்டினேன். முப்பது வினாடி ஆகியிருக்கும்.

"சார், இப்ப உங்க லெட்டரு எதுனா ஒண்ணு எடுங்க."

அவர் மவுஸைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. க்ளிக், க்ளிக். பிறகு இன்னும் வேகமாக க்ளிக். "எங்கம்மா... என் பொண்ணு கல்யாணப் பத்திரிக இங்கதான இருந்துது? மேல போவ வேண்டிய அறிக்க எங்க? யம்மா, எங்க போட்டீங்க?" காய்ச்சல்காரர் குரல் போய், பிரிவில் எல்லோரிடமும் கத்துகிற அவருடைய சொந்தக் குரல் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் திரும்ப டெஸ்க்டாப்பில் ஒட்டிக் கொடுத்தேன். ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அவர் நிம்மதியாகவில்லை. "எல்லாம் இருக்குது, ஆனா எதுவும் அதும் எடத்துல இல்லியே" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அப்ப அந்தம்மாவுக்கு நேத்து இப்டித்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றார்.

"இதவிட மோசமா சார். அவங்க பக்கத்துல மேலதிகாரி நின்னாரு."

"குறிப்ப மாத்தணும்னா காரணம் எழுதணும்மா. நீங்கதான் பண்ணீங்கன்னு எழுதுனா உங்களுக்கு மெமோ வரும். உங்களுக்கு இன்னும் தகுதிகாண் பருவமே முடியல. ஏம்மா இந்தப் பேஜாரு?"

"எழுதுங்க சார்."

மதியத்துக்குள் இரண்டு வரைவுகள் அக்காவின் மேசைக்கு வந்தன. ஒன்று, அக்காவின் பணி திருப்தி என்ற புதுக் குறிப்பு. இன்னொன்று எனக்கான குறிப்பாணை, அதாவது மெமோ. அக்கா முதலாவதை அடித்தார். இரண்டாவதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

"இத நான் அடிக்க மாட்டேன் மேடம். எங்கையால அடிக்க மாட்டேன்."

"அடிங்கக்கா. அது போனாத்தான் உங்களுது நிக்கும். ரெண்டும் ஒண்ணாத்தான் மேல போவணும்."

"கோவத்துல ஏதோ பேசிட்டேன். அதுக்காவ இப்டியா?"

"நீங்க பேசுனது சரிதான். அடிங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தார். எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான தாள் என்றால், கையெழுத்துக்குப் போகும் முன் ஒருவர் சத்தமாகப் படிக்க வேண்டும், இன்னொருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒப்புநோக்குதல் என்பார்கள். பிரிவில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அதனால் எனக்கு வந்த மெமோவை ஒப்புநோக்க என்னைத் தவிர ஆள் இல்லை. அக்கா படித்தார்.

"இப்பிரிவின் இளநிலை உதவியாளர், முன் அனுமதியின்றி, பிரிவுக் கணினியில் இருந்த நூற்றறுபது கோப்புகளை இடம் மாற்றியும் பெயர் மாற்றியும் ஆய்வுப் பணிக்கு இடையூறு விளைவித்துள்ளார். இதற்காக அவர் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் அளிக்குமாறு..."

அங்கே அக்காவின் குரல் உடைந்தது. நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பற்றி அங்கே அடித்த எல்லாத் தாளிலும், நாற்காலி கேட்ட தாளில்கூட, என் பதவிக்கு முன்னால் பார்வையற்ற என்றோ மாற்றுத்திறனாளியான என்றோ ஒரு சொல் நின்றிருக்கும்.

"அக்கா, இளநிலை உதவியாளருக்கு முன்னாடி வேற எதுவும் இல்லியா?"

தாளைப் புரட்டுகிற சத்தம். வரைவோடு பார்த்துக்கொள்கிறார் போல. "இல்ல மேடம். சாரு எழுதிக் குடுத்ததுலயே இல்ல. வெறும் இளநிலை உதவியாளர்தான். எதுனா சேக்கணுமா?"

"ஒண்ணும் சேக்க வேணாம். இன்னொரு வாட்டி படிங்க."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.